முதல் தடவையாகத் தேசிய மாதர் பொதுக்கூட்டத்துக்குப் போகும் தோட்டத்துப் பெண்களுக்கு

உங்கள் டிவிசன் (தோட்டப் பிரிவு) மாதர் சங்கத்தில் இந்த வருடம் கொழும்புக் கூட்டத்துக்குப் போக உங்கள் பெயரைச் சொல்லிவிட்டார்கள். சந்தோசம்தான், ஆனால் அன்றிரவு தூக்கம் வந்திருக்காது. மைக் பிடித்துப் பழக்கமில்லை, சிங்களம் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான், யாரிடம் என்ன கேட்பது, எங்கே தங்குவது, ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளக் கணக்கு, போனால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று ஆயிரம் யோசனை. நான் எங்கள் தோட்டத்துச் சங்கத்தில் செயலாளராக இருந்த காலத்திலும் அதற்குப் பிறகும் இந்தக் கூட்டங்களுக்குப் போய் வந்திருக்கிறேன், புதிதாகப் போகும் தங்கச்சிமாருக்கு வாயால் சொன்னதையெல்லாம் இப்போது ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேடிக்கை பார்க்கவோ கூட்டத்துக்கு ஆள் சேர்க்கவோ போகவில்லை. சங்கத்தில் சந்தா கட்டும் அத்தனை பெண்களின் வாக்கையும் கையில் கொண்டு போகிறீர்கள். அதனால் இந்தக் கூட்டத்தின் பாதி வேலைக்கு மேல் கொழும்பில் இல்லை, போவதற்கு முந்திய வாரங்களில் உங்கள் தோட்டத்திலேயே நடக்கிறது. அந்த வேலையைச் செய்துவிட்டுப் போனால் மண்டபத்தில் பயம் தானாகக் குறையும்.

இது என்ன கூட்டம்

அமைப்புக்கு அமைப்பு பெயர் மாறும், சிலர் மாநாடு என்பார்கள், சிலர் வருடாந்தப் பொதுக்கூட்டம் என்பார்கள். அடிப்படை ஒன்றுதான். கீழே தோட்டத்திலோ கிராமத்திலோ ஒரு சங்கம், அதற்கு மேலே மாவட்ட மட்டத்தில் ஒரு சம்மேளனம், எல்லாவற்றுக்கும் மேலே தேசிய நிர்வாகக் குழு. வருடத்துக்கு ஒரு முறை அந்த நிர்வாகக் குழு அங்கத்தவர்களுக்கு முன்னால் வந்து, என்ன செய்தோம், எவ்வளவு செலவழித்தோம், அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி அதற்குச் சம்மதம் வாங்க வேண்டும். அன்றைக்கு மேடையில் இருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டியவர்கள், கீழே கதிரையில் இருக்கும் நீங்கள் கேள்வி கேட்க வேண்டியவர்கள்.

இந்த முறை நம் நாட்டுக்குப் புதிதல்ல. டொக்டர் மேரி ரட்ணம் லங்கா மகிலா சமித்தியை (இலங்கை மாதர் சங்கம்) தொடங்கியது 1930இல். அவர் கனடாவில் பிறந்தவர், இலங்கைத் தமிழர் ஒருவரைக் கல்யாணம் செய்து இங்கேயே வைத்தியம் பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர்களில் ஒருவர். கனடாவின் ஒன்டாரியோவில் 1897இல் பண்ணைப் பெண்கள் தொடங்கிய சங்க முறையைப் பார்த்துத்தான் கிராமத்துக்கு ஒரு சமித்தி என்ற ஏற்பாட்டை இங்கே கொண்டு வந்தார். சிறிமாவோ பண்டாரநாயக்கா 1960இல் உலகத்தின் முதல் பெண் பிரதமராவதற்கு முன்னால் பல வருடம் வேலை செய்ததும் அந்தச் சமித்தியில்தான். கூட்டம் நடத்துவது, கணக்கு எழுதுவது, நாலு பேர் முன்னால் பேசுவது எல்லாவற்றையும் பெண்கள் இப்படியான இடங்களில்தான் பழகினார்கள்.

மலையகத்தில் கதை வேறு மாதிரிப் போனது. 1930களில் மீனாட்சி அம்மாள் நடேசய்யர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடித் தொழிலாளிகளைக் கூட்டினார். ஆனால் 1948 குடியுரிமைச் சட்டம் வந்து நம் பாட்டிமாரில் பெரும்பாலானவர்களை நாடில்லாதவர்கள் ஆக்கியது, அதோடு வாக்கும் போனது, மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வர 2003 ஆகிவிட்டது. 2024 தேர்தலில்தான் நுவரெலியாவிலிருந்தும் பதுளையிலிருந்தும் மலையகத் தமிழ்ப் பெண்கள் முதல் தடவையாகப் பாராளுமன்றம் போனார்கள். ஒரு மண்டபத்தில் வாக்கு அட்டையைத் தூக்கிப் பிடிப்பது நம் வீட்டுப் பெண்களுக்குச் சின்னக் காரியமில்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

கடிதம் கைக்கு வந்தவுடன்

அழைப்புக் கடிதத்தைத் தலைவியின் அலுமாரியில் பூட்டி வைக்க விடாதீர்கள். வாங்கி முழுதாகப் படியுங்கள், ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திகதி, இடம், நேரம் எல்லோருக்கும் கண்ணில் படும். அவற்றோடு தேட வேண்டியது வேறு மூன்று விசயம் இருக்கிறது: ஒரு சங்கத்திலிருந்து எத்தனை பேருக்கு வாக்கு, பெயர் அனுப்பக் கடைசி நாள் எது, தீர்மானம் அனுப்பக் கடைசி நாள் எது. தீர்மானத்துக்கான நாள் பெரும்பாலும் கூட்டத்துக்குப் பல வாரங்களுக்கு முன்னாலேயே முடிந்துவிடும், கூட்டத்தன்று போய் எழும்பிப் புதிதாக ஒன்றைச் சொன்னால் தலைவி "அடுத்த வருடம் பார்ப்போம்" என்று விடுவார், யாப்பின்படி, அதாவது அமைப்பின் விதிகளின்படி, அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

அடுத்தது சந்தா. பல அமைப்புகளில் சந்தா நிலுவை இருந்தால் வாக்கு இல்லை. பொருளாளரிடம் மேலே அனுப்பிய பணத்தின் ரசீதைக் கேட்டு வாங்கி, அதன் போட்டோப் பிரதி ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். வாசலில் "உங்கள் சங்கம் இன்னும் கட்டவில்லை" என்று சொன்னால் அந்த ஒரு தாள்தான் பேசும்.

அப்புறம் பெயர். நம் பக்கத்தில் இது பெரிய தலைவலி. தோட்டத்தில் எல்லோரும் ராணி என்று கூப்பிடுவார்கள், செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவில்) மகாராணி என்று இருக்கும், அடையாள அட்டையில் பழைய பதிவாளர் எழுதிய விதத்தில் தகப்பன் பெயரோடு சேர்ந்து வேறு ஏதோ இருக்கும். சங்கத்திலிருந்து போகும் கடிதத்தில் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்துப் பெயரும் இலக்கமும் இருக்க வேண்டும். கூப்பிடும் பெயரைப் பக்கத்தில் போட்டாலும் பரவாயில்லை. பதிவு மேசையில் இருக்கும் பிள்ளைக்கு உங்களைத் தெரியாது, அவருக்குத் தெரிவது பட்டியலில் உள்ள பெயர் மட்டும்தான்.

யாப்பின் பிரதி ஒன்று சங்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மாவட்டச் செயலாளரிடம் கேளுங்கள், அங்கத்தவர் கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். முழுவதையும் படிக்க வேண்டாம். பொதுக்கூட்டம், வாக்கு, தெரிவு என்ற பகுதிகளை மட்டும் படித்தால் போதும்.

போக முன் சங்கத்தில் பேசுவது

இதைத்தான் அதிகமானோர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நிகழ்ச்சி நிரலும் தீர்மானங்களும் வந்த பிறகு சங்கத்தை ஒரு தடவை கூட்டுங்கள். கொழுந்தை நிறுவையில் போட்டு, தண்ணீர் பிடித்து, அடுப்பு வேலை முடித்துத்தான் பெண்கள் வருவார்கள், அதனால் மாலை நேரம், பிள்ளைக் காம்பரா (பிள்ளை பராமரிப்பு நிலையம்) விறாந்தையோ கோயில் மண்டபமோ, எது எல்லா லயத்துக்கும் (வரிசை வீடுகளுக்கும்) நடுவில் இருக்கிறதோ அங்கே வையுங்கள். மேட்டு லயத்துப் பெண்கள் இருட்டில் இறங்கி வர வேண்டியிருந்தால் அவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை பகலில் வைத்தாலும் நல்லது. கைகாசுக்கு (அன்றன்றே காசு வாங்கிக்கொண்டு) கொழுந்து பறிக்கும் நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தீர்மானத்தையும் சத்தமாகப் படியுங்கள். கேட்கும் எல்லோரும் வாசிக்கத் தெரிந்தவர்கள் என்று எண்ணிக்கொண்டு தாளைச் சுற்றுக்கு விட்டால், தெரியாதவர்கள் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார்கள். படித்த பிறகு, இது நடந்தால் நம் டிவிசனில் என்ன மாறும் என்று ஒரு வரியில் சொல்லுங்கள். சொன்னவுடனே வாய் திறக்காதவர்கள்கூடப் பேசுவார்கள். கடைசியில் கை தூக்கச் சொல்லி முடிவை எழுதுங்கள்: ஆதரவு, எதிர்ப்பு, அல்லது அங்கே நடக்கும் பேச்சைக் கேட்டுவிட்டுப் பிரதிநிதியே முடிவெடுக்கட்டும். மூன்றாவது பதிலும் நல்ல பதில்தான், ஏனென்றால் திருத்தங்கள் கூட்டத்தில்தான் வரும், அப்போது உங்களுக்குக் கொஞ்சம் கையைக் காலை நீட்ட இடம் வேண்டும்.

கூட்டறிக்கைக் கொப்பியில் இப்படி எழுதினால் போதும்: "சந்தா உயர்வு பற்றிய தீர்மானம் வாசிக்கப்பட்டது. ஒரே தடவையில் கூட்டுவதை அங்கத்தவர்கள் விரும்பவில்லை. இரண்டு வருடத்தில் கூட்டுவதாகத் திருத்தம் வந்தால் ஆதரிக்கும்படியும், வராவிட்டால் எதிர்க்கும்படியும் பிரதிநிதிக்குச் சொல்லப்பட்டது." இந்தப் பக்கத்தின் போட்டோ உங்கள் போனில் இருக்கட்டும். பக்கத்துக் கதிரையில் இருக்கும் பெரிய அக்கா ஒருவர் கையைப் பிடித்துத் தூக்கினாலும் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும்.

நீங்களே ஒரு தீர்மானம் கொண்டுபோவதானால்

முதல் வருடத்திலேயே கொண்டுபோகலாம், அதற்கு யாரும் தடை போட முடியாது. ஆனால் எழுதும் விதத்தில்தான் அதன் உயிர் இருக்கிறது. ஒரு உதாரணம் பார்ப்போம். கொழுந்து மலையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. காலையில் ஏறினால் நிறுவைக்கு இறங்கும் வரை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் புதருக்குப் பின்னால் போக வேண்டும், அட்டைக் கடியும் குளவிப் பயமும் ஒரு பக்கம், யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். மாதவிடாய் நாட்களைச் சொல்லவே வேண்டாம். இதற்காகவே தண்ணீர் குடிக்காமல் மலை ஏறும் பெண்கள் இருக்கிறார்கள். இதை நாம் எல்லோரும் அறிவோம்.

இதைப் பல சங்கங்கள் இப்படி எழுதும்: "மலையகப் பெண்களின் சுகாதாரப் பிரச்சினைகளுக்கு உடனடித் தீர்வு வழங்கப்பட வேண்டும்." மண்டபம் முழுக்கக் கை தட்டும், ஒருமனதாக நிறைவேறும், அதோடு முடிந்துவிடும். யார் செய்வது, யாரிடம் கேட்பது, எப்போதைக்குள் என்று எதுவும் அதில் இல்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "கொழுந்து பறிக்கும் பெண்களுக்காக ஒவ்வொரு மலைக்கும் நடந்து போகக்கூடிய தூரத்தில் தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை அமைக்கும்படி, பெருந்தோட்டக் கம்பனிகளிடமும் பொறுப்பான அமைச்சிடமும் தேசிய நிர்வாகக் குழு எழுத்து மூலம் கேட்க வேண்டும். கிடைத்த பதிலை ஆறு மாதத்துக்குள் எல்லாச் சங்கங்களுக்கும் அறிவிக்க வேண்டும்." இப்போது அடுத்த வருடம் நீங்கள் எழும்பி, கடிதம் போனதா, பதில் வந்ததா என்று கேட்கலாம். அதற்கு மேடையில் உள்ளவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஒரு தீர்மானத்தில் ஒரு விசயம் மட்டும் வையுங்கள். கழிப்பறையோடு சம்பளத்தையும் வீட்டையும் பாதையையும் சேர்த்துக் கட்டினால், ஒன்றில் விருப்பமில்லாதவர் முழுவதையும் எதிர்த்துவிடுவார். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும். வழிமொழிபவர் வேறு மாவட்டத்துப் பெண்ணாக, முடிந்தால் சிங்களக் கிராமத்துச் சங்கத்திலிருந்து வருபவராக இருந்தால் அந்தத் தீர்மானத்துக்குப் பலம் கூடும். இரத்தினபுரிப் பக்கமும் காலிப் பக்கமும் சிறுதோட்டங்களில் கொழுந்து பறிக்கும் சிங்களப் பெண்களுக்கும் இதே பிரச்சினைதான், அவர்களிடம் மாவட்டச் செயலாளர் மூலம் முன்கூட்டியே பேசுங்கள்.

வீடு, வேலை, பாதை

வேலைக்குப் போகும் பெண்ணாக இருந்தால் அன்றைய பேர் விழாது. இதைப் பற்றிச் சங்கத்தில் வெட்கப்படாமல் பேச வேண்டும். சங்கப் பணத்திலிருந்து பஸ் செலவும் ஒரு நாள் சம்பளமும் கொடுப்பதாக முதலே முடிவெடுத்துக் கொப்பியில் எழுதிவிட்டால், பிறகு "அவ கொழும்பு சுத்திட்டு வந்தா" என்ற பேச்சுக்கு இடமிருக்காது. அப்படிக் கொடுக்காத சங்கங்களில் யார் போவார்கள் என்றால், கையில் காசுள்ளவர்கள் மட்டும் போவார்கள். அது நல்லதில்லை. தோட்ட அலுவலகத்துக்குச் சங்கத்தின் கடிதத்தாளில் லீவு கேட்டு ஒரு வாரத்துக்கு முன்னமே கொடுங்கள், கணக்கப்பிள்ளையிடம் வாயால் சொன்னது பெரட்டுக்களத்தில் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில்) செல்லாது.

வீட்டில், முக்கியமாக மாமியாரிடமும் புருசனிடமும், எந்த நாள் போய் எந்த நாள் வருவேன், யாரோடு போகிறேன், எங்கே தங்குகிறேன் என்று தெளிவாகச் சொல்லி, உடன் வரும் அக்காவின் போன் நம்பரையும் கொடுங்கள். கைக்குழந்தை இருந்தால் கூட்டிக்கொண்டு போகலாமா என்று அமைப்பாளர்களிடம் முதலே கேளுங்கள். பால் கொடுக்கும் தாய் வருகிறார் என்று தெரிந்தால் ஒரு மூலை ஒதுக்கித் தருவார்கள், தராவிட்டால் அதுவே அடுத்த வருடத்துக்கு ஒரு நல்ல தீர்மானம்.

பாதைக்கு வருவோம். ஹட்டன் பக்கத்திலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாக வரும் பஸ்தான் பலருக்கு வசதி. நுவரெலியாவிலிருந்தும் அந்த வழியில் வரலாம், கண்டி வழியாகவும் வரலாம். கினிகத்தேனை இறக்கத்தில் வளைவுகள் வயிற்றைப் புரட்டும், வாந்தி வரும் ஆளாக இருந்தால் முன் சீட்டில் உட்காருங்கள், ஒரு தேசிக்காயும் இரண்டு பிளாஸ்டிக் பையும் கையில் இருக்கட்டும். ரயிலில் வருவதானால் ஓடுகிறதா என்று உங்கள் ஸ்டேசனில் கேட்டுக்கொண்டு திட்டம் போடுங்கள். மழைக்காலத்தில் மண்சரிந்து பாதை மூடுவது நமக்குப் பழகிய விசயம், 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டு ரயில் பாதையை என்ன பாடு படுத்தியது என்று எல்லோரும் பார்த்தோம். எப்படி வந்தாலும் முதல் நாளே கொழும்பு வந்து சேர்வது நல்லது. விடிய ஒரு மணிக்கு எழும்பி, பஸ்ஸில் குலுங்கி, நேரே மண்டபத்துக்குப் போனால் கணக்கறிக்கை வாசிக்கும்போது தூங்கிவிடுவீர்கள்.

இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வாருங்கள். பஸ்ஸில் யாராவது கை வைத்தால் சத்தம் போடுங்கள், கொன்டக்டரைக் கூப்பிடுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, இரண்டையும் போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். பையில் அடையாள அட்டை, அழைப்புக் கடிதம், சந்தா ரசீது, வாடிக்கையாகப் போடும் மருந்து, போன் சார்ஜர், பேனை, கொப்பி, ஒரு படுக்கை விரிப்பு, பேட். வெளியே கொழும்பு வெயில் தாங்காது, பருத்தி உடுப்பு நல்லது, ஆனால் மண்டபத்துக்குள்ளே ஏசி போட்டிருப்பார்கள், ஒரு சால்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். புதுச் சேலை வாங்கக் கடன்பட வேண்டாம். அங்கே யாரும் உங்கள் சேலையைப் பற்றி வாக்கெடுக்கப் போவதில்லை.

மண்டபத்துக்குள்

பதிவு மேசைக்கு முன்னதாகவே போய்விடுங்கள். அங்கே தரும் அட்டையில் பிரதிநிதி என்று இருக்கிறதா பார்வையாளர் என்று இருக்கிறதா என்று அந்த இடத்திலேயே பாருங்கள், பிழையென்றால் அப்போதே சொல்லுங்கள். பிறகு திருத்துவது கஷ்டம். ஒரே தோட்டத்து ஆட்கள் எல்லோரும் பின் வரிசையில் ஒன்றாக ஒட்டிக்கொண்டு உட்காராமல், நடுவில், மைக்குக்குக் கிட்ட உட்காருங்கள்.

மங்கள விளக்கு, வரவேற்புரை, பிரதம விருந்தினர் பேச்சு, நடனம் இவையெல்லாம் நேரத்தை இழுக்கும். உண்மையான வேலை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான அளவு ஆட்கள்) இருக்கிறது என்று அறிவித்த பிறகுதான் தொடங்கும். முதலில் போன வருடக் கூட்டறிக்கை வாசிக்கப்படும், அது சரியென்று ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். அதில் உங்கள் மாவட்டம் சொன்னது விடுபட்டிருந்தால் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். பிறகு செயலாளர் அறிக்கை, பொருளாளர் அறிக்கை, தீர்மானங்கள், நிர்வாகத் தெரிவு, கணக்காய்வாளரை நியமிப்பது. வரிசை கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம்.

கணக்கறிக்கை வரும்போது பலர் வெளியே தேத்தண்ணிக்குப் போய்விடுவார்கள். நீங்கள் போகாதீர்கள். கணக்குப் படிக்காதவர்களும் பார்க்கக்கூடியவை சில இருக்கின்றன. போன வருட அறிக்கையின் கடைசியில் உள்ள மீதியும் இந்த வருட அறிக்கையின் ஆரம்பத்தில் உள்ள மீதியும் ஒரே தொகையாக இருக்க வேண்டும். சந்தா வரவு, சங்கங்களின் எண்ணிக்கைக்கு ஏற்றதாக இருக்கிறதா என்று மனக்கணக்குப் போடுங்கள். "ஏனைய செலவுகள்" என்ற வரி மற்ற வரிகளைவிடப் பெரிதாக இருந்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பயிற்சிக்கென்று ஒதுக்கிய பணத்தில் மலையக மாவட்டங்களுக்கு எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். கணக்காய்வாளரின் கடிதத்தையும் பாருங்கள், அதில் "தவிர" என்றோ "எனினும்" என்றோ ஒரு வசனம் வந்தால் அங்கேதான் விசயம் இருக்கும். கேள்வி கேட்பது யாரையும் கள்ளி என்று சொல்வதாகாது. நேர்மையாகக் கணக்கு வைத்த பொருளாளருக்கு அந்தக் கேள்வி சந்தோசம்தான் தரும்.

பேச எழும்பும்போது பெயர், சங்கம், மாவட்டம், இந்த மூன்றையும் சொல்லுங்கள். பிறகு நேரே "இந்தத் தீர்மானத்தை ஆதரிக்கிறேன்" அல்லது "எதிர்க்கிறேன்" என்று தொடங்குங்கள், காரணத்தைப் பிறகு சொல்லலாம். ஒரே ஒரு உதாரணம் சொல்லுங்கள், உங்கள் தோட்டத்தில் உங்கள் கண்ணால் பார்த்தது. அதிகம் போனால் இரண்டு மூன்று நிமிடம்தான் தருவார்கள், மணியடித்து உட்காரச் சொல்வதற்கு முன்னால் முக்கியமானது வெளியே வந்திருக்க வேண்டும். முதல் நாள் இரவு உங்களோடு தங்கும் பெண்களுக்கு முன்னால் ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். கை நடுங்கினால் தாளைப் பார்த்து வாசியுங்கள், வாசிப்பது குறைவில்லை.

மொழி

தமிழில் பேசுங்கள். தெரிந்த பாதிச் சிங்களத்தில் தடுமாறி, சொல்ல வந்ததில் பாதியை விழுங்குவதைவிட, நிறைவான தமிழில் சொல்லி அதை மொழிபெயர்க்கச் சொல்வது மேல். 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. அந்தச் சட்டம் அரசாங்க அலுவலகங்களைத்தான் கட்டுப்படுத்தும், மாதர் அமைப்பை அல்ல, அது சரி. ஆனால் உங்கள் சங்கமும் மற்றச் சங்கங்களைப் போலத்தான் சந்தா கட்டுகிறது, அறிக்கை உங்களுக்கும் விளங்க வேண்டும் என்று கேட்க அது போதும்.

கேட்பதை முன்கூட்டியே கேளுங்கள். பெயர் அனுப்பும் கடிதத்திலேயே "எங்கள் பிரதிநிதி தமிழ் பேசுபவர், ஆண்டறிக்கையும் தீர்மானங்களும் தமிழில் தேவை, மண்டபத்தில் மொழிபெயர்ப்பு ஏற்பாடு செய்யவும்" என்று எழுதுங்கள். கூட்டத்தன்று ஏற்பாடு இல்லையென்றால், அறிக்கை வாசிக்கத் தொடங்கும்போதே எழும்பி "ஒழுங்குப் பிரச்சினை" (கூட்டம் நடக்கும் முறையில் குறை) என்று சொல்லி, வாக்கெடுக்க முன் தமிழில் சுருக்கம் சொல்லும்படி கேட்கலாம். நுவரெலியா, பதுளை, கண்டி, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், புத்தளம் என்று பல இடத்துத் தமிழ் பேசும் பெண்கள் மண்டபத்தில் இருப்பார்கள், காலையிலேயே அவர்களைத் தேடிப் பேசி வைத்துக்கொண்டால் நீங்கள் தனியாக எழும்ப வேண்டியிருக்காது. முஸ்லிம் சங்கத்து அக்காமாரில் மூன்று மொழியும் சரளமாகப் பேசுபவர்கள் பலர் உண்டு, நான் பார்த்தவரை கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

சிங்களப் பெண்களோடும் பேசுங்கள். தேத்தண்ணி நேரத்தில், சாப்பாட்டு வரிசையில். அவர்களில் பலருக்கு லயத்து அறையில் எத்தனை பேர் இருக்கிறோம், தண்ணீருக்கு எங்கே போகிறோம் என்பது தெரியாது, சொன்னால் உண்மையான அக்கறையோடு கேட்பார்கள். அவர்கள் கிராமத்தில் நுண்கடன் கம்பனிகளிடம் மாட்டிக்கொண்டு படும் பாட்டை அவர்கள் சொல்லும்போது நம் லயத்துக் கதைபோலவே இருக்கும்.

வாக்கும் தெரிவும்

தீர்மானங்களுக்குப் பெரும்பாலும் அட்டை தூக்கச் சொல்வார்கள். திருத்தம் வந்தால் முதலில் திருத்தத்துக்கு வாக்கு, அப்புறம்தான் திருத்திய தீர்மானத்துக்கு. இரண்டும் குழம்பினால் "இப்போது எதற்கு வாக்கெடுக்கிறீர்கள்?" என்று கேளுங்கள், உங்களைப்போலக் குழம்பிய ஐம்பது பேர் உங்களுக்கு மனதுக்குள் நன்றி சொல்வார்கள். முடிவெடுக்க முடியவில்லையா, அட்டையைத் தூக்காமல் இருக்கலாம், அதுவும் உரிமைதான்.

நிர்வாகத் தெரிவில் "ஒருமனதாக" என்று வேகமாக முடிக்கப் பார்ப்பார்கள். ஒரு பதவிக்கு இரண்டு பெயர் வந்தால் இரகசிய வாக்கெடுப்பு கேட்க யாப்பில் இடமிருக்கிறதா என்று பார்த்து வைத்திருந்தால், அதைச் சுட்டிக்காட்டலாம். யாருக்குப் போடுவது என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் நம் மாவட்டத்துக்குக் கடந்த வருடத்தில் ஒரு தடவையாவது வந்து போனவரா, போன் எடுத்தால் பதில் சொல்பவரா என்று பாருங்கள், பேச்சு வன்மையை மட்டும் பார்க்காதீர்கள். மலையகத்திலிருந்து ஒருவர் நிர்வாகக் குழுவுக்கு வர விரும்பினால் முன்மொழிவதும் வழிமொழிவதும் யார் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். மண்டபத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்தால் பெயர்ப் பட்டியல் மூடிவிடும்.

திரும்பி வந்த பிறகு

வந்த அலுப்புத் தீர ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் தள்ளாதீர்கள். எழுதியது எழுதியபடி நினைவிருக்கும்போதே சங்கத்தைக் கூட்டி, எந்தத் தீர்மானம் நிறைவேறியது, நாம் எப்படி வாக்களித்தோம், ஏன் என்று சொல்லுங்கள். சங்கம் சொன்னதற்கு மாறாக வாக்களித்திருந்தால் அதன் காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். பஸ் டிக்கட், சாப்பாட்டு பில் எல்லாவற்றையும் பொருளாளரிடம் கொடுத்து மிச்சக் காசுக்குக் கையெழுத்து வாங்குங்கள். கூட்டத்துக்கு வராத பெண்களுக்காக ஒரு பக்கத்தில் சுருக்கம் எழுதிப் பிள்ளைக் காம்பரா சுவரில் ஒட்டலாம், வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் கொழுந்து மலையில் பக்கத்து நிரையில் நின்றுகொண்டே சொல்லலாம்.

மாவட்டச் செயலாளருக்கு ஒரு மாதம் கழித்து ஒரு கடிதம் போடுங்கள்: நிறைவேறிய தீர்மானத்தின்படி யாருக்குக் கடிதம் போனது, அதன் பிரதி எங்கே. பதில் வராவிட்டால் மூன்றாம் மாதத்தில் இன்னொன்று. இரண்டின் பிரதியையும் ஒரு பைலில் போட்டு வையுங்கள். அடுத்த வருடம் போவதற்கு வேறொரு பெண்ணின் பெயரை இந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள், இளம் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது, அந்தப் பைலையும் யாப்புப் பிரதியையும் அவளிடம் கொடுத்து, தீர்மானம் அனுப்பும் கடைசித் திகதி எப்போது வரும் என்று இப்போதே மாவட்டச் செயலாளரிடம் கேட்டுக் கலண்டரில் குறித்துவிடச் சொல்லுங்கள்.